விரல் பட்ட வசனம்

அன்புள்ள ஐயா,

தினமும் காலையில் ஜெபித்துவிட்டு வேதாகமத்தைத் திறப்பேன். விரல் படுகிற வசனம்தான் அன்றைக்கு எனக்கு வழிகாட்டி. தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டாவது கடை திறக்கலாமா என்று ஆண்டவரிடம் கேட்டுத் திறந்தபோது ஏசாயா 54:2 வந்தது: “உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு.” உடனே இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அதனால் வேலையாட்கள் இருவருக்குப் போன மாதச் சம்பளம் சற்றுத் தள்ளிப்போகிறது, கர்த்தர் பார்த்துக்கொள்வார். என் மனைவிக்குத்தான் இதில் விசுவாசமில்லை. பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகர் அகஸ்டீனுக்கே இப்படித்தானே வழி திறந்தது? நான் செய்வது சரியா? கைபேசியில் வேதம் வாசிக்கலாமா? எந்த மொழிபெயர்ப்பு நல்லது?

— ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

கைபேசியில் தாராளமாக வாசியுங்கள். மொழிபெயர்ப்பு, உங்களுக்குப் புரிகிற எதுவும் சரி.

அகஸ்டீனைத் துணைக்கு அழைக்கிறீர்கள். 386-இல் மிலான் தோட்டத்தில் அவர் திறந்த பக்கத்தில் இருந்தது ரோமர் 13. குடிவெறியும் காமமும் விட்டுக் கிறிஸ்துவைத் தரித்துக்கொள் என்றது அது. அவர் விட்டுவிட மனமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்ததையே கேட்டது. உங்களுக்கு வந்த வசனமோ நீங்கள் ஆசைப்பட்டதையே கொடுத்திருக்கிறது. அதே அகஸ்டீன் பிற்பாடு ஒரு கடிதத்தில், உலக விவகாரங்களுக்குச் சுவிசேஷப் பக்கங்களில் குறி பார்க்கும் வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினார். இதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

ஏசாயா 54, பிள்ளை பெறாத மலடியாக, கைவிடப்பட்ட மனைவியாகக் கிடந்த எருசலேமுக்குச் சொன்ன ஆறுதல். நாடு இழந்து சிறைப்பட்டுப் போன ஜனத்தின் கண்ணீர் அதில் இருக்கிறது. அதை எடுத்துக் கடை வாடகை ஒப்பந்தத்தில் ஒட்டினால் எப்படி? விரல் நான்கு அதிகாரம் தள்ளிப் பட்டிருந்தால் 58 வந்திருக்கும். எனக்குப் பிரியமான உபவாசம் நெருக்கப்பட்டவர்களை விடுதலையாக்குவதுதான் என்று கர்த்தர் சொல்லுகிற இடம். அப்போது என்ன செய்திருப்பீர்கள்? இன்னொரு முறை திறந்து பார்த்திருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோரும் அப்படித்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது அந்தச் சம்பளம். அரை வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

என் அப்பா சின்னதாக ஓர் அச்சகம் நடத்தினார். வேலை கொடுத்தவர்கள் பணம் தராமல் இழுத்தடித்த ஒரு வாரத்தில், சனிக்கிழமை மதியம் கைக்கடிகாரத்தை அடகு வைத்துவிட்டு வந்தார். மேசை விளக்கடியில் நோட்டுகளை எண்ணி, அச்சுக் கோப்பவர் கையில் கொடுத்து, “நேரமாகிவிட்டது, மன்னிச்சுக்கோங்க” என்றார். எனக்கு அது அவமானமாக இருந்தது. முதலாளி எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். பதில் சொல்லாமல் லேவியராகமம் 19-ஐ எடுத்து நீட்டினார். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது. அந்தப் பக்க ஓரத்தில் மை படிந்த கட்டைவிரல் ரேகை ஒன்று இருந்தது. மனிதர் அங்கே அடிக்கடி போயிருக்கிறார்.

நெடுநாளாக எனக்குள் ஓடுவதும் இதுதான். எந்த வீடு, எந்த வேலை, எந்த மாப்பிள்ளை என்று வேதம் வாய் திறக்காத விஷயங்களுக்கே அதைப் போட்டு உலுக்குகிறோம். அது தொண்டை கிழியக் கத்துகிற இடத்தில் காதைப் பொத்திக்கொள்கிறோம். உபாகமம் 24, ஏழையின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்கிறது. அடுத்த அதிகாரமே பையில் இரண்டு வித எடைக்கற்கள் வைக்காதே என்கிறது. யாக்கோபு 5-இல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தருடைய செவியில் போய் விழுகிறது. இதற்கெல்லாம் கண்ணை மூடி விரல் வைக்க வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து வரிசையாக வாசித்தால் போதும். லேவியராகமம் சலிப்பூட்டும், தெரியும். வாசியுங்கள்.

“கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்கிறீர்கள். அந்த இருவருடைய பணத்தை வைத்துக்கொண்டு நீங்கள் விசுவாசிக்கிறீர்கள், ஐயா. விசுவாசம் உங்களுடையது, பட்டினி அவர்களுடையதா?

உங்கள் மனைவிக்கு விசுவாசமில்லை என்று யார் சொன்னது? அவருக்குக் கணக்குத் தெரிகிறது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார், லூக்கா 14-இல்.

இரண்டாவது கடை திறக்கலாமா என்பது எனக்குத் தெரியாது. வருமானம், வாடகை, கடன் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி மனைவியோடு உட்காருங்கள். ஆனால் இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் முதலில் அந்த இருவரையும் கூப்பிடுங்கள். அட்வான்ஸைத் திரும்ப வாங்க முடியுமானால் வாங்கிக் கொடுங்கள். முடியாவிட்டால் கடன் வாங்கியாவது கொடுங்கள். இன்றைக்கே.

அன்புடன்.