எல்லா வீட்டுத் தண்ணீர் மீட்டர்களையும் கூட்டினாலும் பொது மீட்டரின் அளவு ஏன் வருவதில்லை?

பொது மீட்டர் குடியிருப்புக்குள் நுழையும் மொத்தத் தண்ணீரை அளக்கிறது. துணை மீட்டர் ஒரு வீட்டுக்குள் போவதை மட்டும். நடுவே தோட்டம், படிக்கட்டு கழுவுவது, தொட்டி வழிவது, குழாய்க் கசிவு எல்லாம் உண்டு. அப்புறம், பலரும் கவனிக்காத ஒரு காரணம்: சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீரைச் சக்கரம் சுழலும் வகை மீட்டர்கள் சரியாகப் பதிவு செய்வதில்லை. மெல்லிய காற்றில் காற்றாடி சுற்றாமல் நிற்பதைப் போல, சக்கரத்தைத் தள்ள அந்த ஓட்டத்துக்கு வலு போதாது.

மாதாமாதம் எல்லா அளவுகளையும் ஒரே நாளில் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி குடியிருப்போர் சங்கம் அறிவிப்பது மிக அவசியம். வித்தியாசம் திடீரென்று கூடினால் உடனே கசிவைத் தேடலாம்.

வித்தியாசம் இருப்பதாலேயே யாரோ தண்ணீர் திருடுகிறார்கள் என்றோ, சங்கம் ஏமாற்றுகிறது என்றோ அர்த்தமில்லை.