முழு ஸ்காலர்ஷிப்பா, சூரத்கல் என்.ஐ.டி.யா? கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம், சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். மகள் இங்கேயே பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்தாள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான ஜோசா கவுன்சிலிங்கில் சூரத்கல் என்.ஐ.டி.யில் எலக்ட்ரிக்கல் கிடைத்திருக்கிறது. பெங்களூரில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முழு ஸ்காலர்ஷிப் தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அங்கே டியூஷன் ஆண்டுக்கு 4 லட்சம். எங்கள் குடும்ப வருமானம் ஆறரை லட்சம். எதை எடுப்பது?

பதில்:

பெயரா பணமா என்று யோசிக்க ஆரம்பித்தால் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், முடிவு வராது. முதலில் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த ஸ்காலர்ஷிப் நான்கு வருடமும் நிற்குமா, முதல் வருடத்தோடு போய்விடுமா? வாழ்த்தெல்லாம் கடிதத்தின் முதல் பக்கத்தில் இருக்கும். அடுத்த ஆண்டும் தொடர என்ன நிபந்தனை என்பது பெரும்பாலும் இரண்டாம் பக்கத்திலோ, இணைத்து அனுப்பிய விதிமுறையிலோ பொடி எழுத்தில் இருக்கும்.

அங்கே "சி.ஜி.பி.ஏ. 8.5-க்குக் குறையக் கூடாது" (எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துப் பத்துக்குப் போடும் சராசரி) என்று இருந்தால் அது எவ்வளவு இறுக்கமான நிபந்தனை என்று கணக்குப் போட்டால்தான் புரியும். கிரெடிட் என்பது சராசரி போடும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் கொடுக்கும் எடை. ஒரு செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்று வையுங்கள். எல்லாப் பாடத்திலும் 9 பாயிண்ட் எடுத்த பெண், 4 கிரெடிட் கணக்குப் பேப்பர் ஒன்றில் மட்டும் 6 எடுத்தால், நான்கு கிரெடிட்டுக்கு மும்மூன்று பாயிண்ட், ஆக 12 பாயிண்ட் போகும். அதை இருபதால் வகுத்தால் 0.6. ஒரே பேப்பரில் 9 என்பது 8.4 ஆகிவிடும். முதல் வருடம் பிசிக்ஸ் சைக்கிள், கெமிஸ்ட்ரி சைக்கிள் என்று கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமில்லாத பாடங்களே அதிகம், சறுக்குவதும் அங்கேதான். இதில் ரிலேட்டிவ் கிரேடிங் இருந்தால் இன்னும் சிக்கல். வகுப்பின் சராசரியை வைத்துத்தான் அங்கே கிரேடு போடுவார்கள், உயர்ந்த கிரேடு சிலருக்குத்தான் விழும். ஸ்காலர்ஷிப் வாங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸில்தான் குவிந்திருப்பார்கள். அவர்களுக்குள்ளேயே போட்டி என்பதால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதி கோட்டுக்குக் கீழே போவது தவிர்க்க முடியாதது.

ஸ்காலர்ஷிப் போய்விட்டால் என்ன ஆகும்? இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக்கு 4 லட்சம், மூன்று வருடத்துக்கு 12 லட்சம். அப்போது என்.ஐ.டி. இடமும் கையில் இருக்காது. அதனால் பல்கலைக்கழகத்துக்கு இன்றே மெயில் போடுங்கள், போனில் கேட்காதீர்கள். கணக்கெடுப்பது ஒவ்வொரு செமஸ்டருக்குமா, வருடத்துக்கு ஒருமுறையா? ஒருமுறை இழந்தால் மார்க் ஏறியதும் திரும்பக் கிடைக்குமா? அரியர், வருகைப் பதிவு, கிளை மாற்றம் இதில் எதாவது ஸ்காலர்ஷிப்பை ரத்து செய்யுமா? நடுவில் விலகினால், தள்ளுபடி செய்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? முக்கியமாக, மூன்று வருடம் முன்பு இதே ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்தவர்களில் இப்போது கடைசி வருடத்திலும் அதை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? இதற்கு எண்ணில் பதில் தராமல் "நன்றாகப் படித்தால் கவலையில்லை" என்று மழுப்பினால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அவர்கள் சொல்லாவிட்டாலும் ஓரளவு நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் அரசுக்குக் கொடுத்த தரவு பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும், கல்லூரியின் இணையதளத்திலும் போட்டிருப்பார்கள். அதில் மாணவர் எண்ணிக்கை அட்டவணையின் வலது ஓரத்தில், கல்லூரியின் சொந்த நிதியிலிருந்து முழு டியூஷனும் திரும்பப் பெறுபவர்கள் எத்தனை பேர் என்று ஒரு பத்தி இருக்கும். எல்லா வருட மாணவர்களும் சேர்ந்த எண் அது. ஆண்டுக்கு 200 பேருக்கு முழு ஸ்காலர்ஷிப் என்று விளம்பரம் செய்யும் இடத்தில் நான்கு வருடத்துக்கும் சேர்த்து 250 பேர்தான் என்று இருந்தால், மிச்சம் பேர் எங்கே போனார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். அதே கோப்பில் உரிய காலத்தில் படித்து முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், மீடியன் சம்பளம் (எல்லார் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எல்லாம் வருடவாரியாக இருக்கும். விளம்பரப் பலகையில் உள்ள உச்ச சம்பளத்தை விட்டுவிட்டு, இரண்டு கல்லூரிக்கும் இந்த மீடியனை ஒப்பிடுங்கள்.

இனி என்.ஐ.டி. செலவு. டியூஷன் செமஸ்டருக்கு 62,500, நான்கு வருடத்துக்கு 5 லட்சம். குடும்ப வருமானம் 1 முதல் 5 லட்சத்துக்குள் இருந்தால் டியூஷனில் மூன்றில் இரண்டு பங்கும், 1 லட்சத்துக்குக் கீழே என்றால் முழுவதும் தள்ளுபடி. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் பாராமல் முழுத் தள்ளுபடி. ஆறரை லட்சத்துக்கு வருமானச் சலுகை வராது. ஹாஸ்டல், மெஸ், மற்ற கட்டணங்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் என்று தாராளமாகவே போட்டால் மொத்தம் 9 லட்சம்.

இதில் 6 லட்சம் கடன் என்று வையுங்கள். 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்திலும் அதன்பின் ஒரு வருடமும் 3 சதவீத வட்டி மானியம். மானியம் ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்குத்தான், அதில் அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. ஆண்டுக்கு ஒன்றரை லட்சமாக வாங்கி, 9 சதவீத வட்டியை இடையில் கட்டாமல் விட்டால், ஐந்தாம் வருட முடிவில் நிலுவை சுமார் 7.9 லட்சம். பத்து வருடத் தவணையில் மாதம் சுமார் 10,000. மானியம் கிடைத்தால் சுமார் 9,200. வேலைக்குப் போகும் ஒரு பெண் சுமக்கக்கூடிய தொகைதான். அந்த 12 லட்சம் அப்படியில்லை, அதை நீங்கள் அவள் படிக்கும்போதே கட்ட வேண்டும்.

"எங்கே படித்தாலும் திறமை இருந்தால் முன்னுக்கு வரலாம்" என்பதற்கு ஓர் ஆய்வு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-ல் வெளியிட்டது. பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள், பெரிய கல்லூரியிலேயே படித்தவர்கள் அளவுக்குத்தான் பின்னாளில் சம்பாதித்தார்கள். ஆனால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி சம்பளத்தில் பலன் கொடுத்தது என்பதும் அதிலேயே உண்டு. இன்னொன்று, நம் ஊரில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எந்தக் கம்பெனி எந்தக் கல்லூரிக்கு வரும் என்பதே முதல் வடிகட்டல். அமெரிக்க முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

கிளை விஷயம். பழைய என்.ஐ.டி.களில் எலக்ட்ரிக்கல் பிள்ளைகளையும் பல சாஃப்ட்வேர் கம்பெனிகள் எடுக்கின்றன, எல்லாக் கம்பெனியும் அல்ல. சூரத்கல் பிளேஸ்மெண்ட் விவரத்தில் எந்தெந்தக் கிளைக்கு அனுமதி என்று பாருங்கள். மகளுக்கு சர்க்யூட், மெஷின் பாடங்கள் அறவே பிடிக்காது என்றால் நான்கு வருடம் அவள்தான் அவதிப்பட வேண்டும், அவளையே கேளுங்கள். ஜோசாவில் "ஸ்லைடு" கொடுத்தால் அதே கல்லூரியில் மேலான கிளைக்கு அடுத்த சுற்றில் நகர வாய்ப்பு உண்டு, நகராவிட்டால் இருக்கிற இடம் பத்திரமாக இருக்கும். போன வருட முடிவு ரேங்க்கை (கடைசியாக இடம் கிடைத்தவரின் ரேங்க்) பார்க்கும்போது ஹோம் ஸ்டேட் (அந்த மாநிலத்தவருக்கான இடங்கள்), பெண்களுக்கு மட்டும் என்ற இரண்டையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பூர்வீகம் கிருஷ்ணகிரி என்றாலும் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய மாநிலம்தான் ஹோம் ஸ்டேட். அதனால் உங்களுக்கு அந்தச் சலுகை சூரத்கல்லில்தான், திருச்சியில் இல்லை.

என் கருத்து: நிபந்தனை 8-க்கு மேல் இருந்தாலோ, இழந்தால் மீட்க முடியாது என்றாலோ, அதை ஒரு வருடத் தள்ளுபடியாக மட்டும் மதித்து, கடன் வாங்கிச் சூரத்கல் அனுப்புங்கள். அரியர் இல்லாமல் பாஸ் செய்தால் போதும், அல்லது 7 போதும் என்று எழுத்தில் வந்து, மகளும் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றால், ஸ்காலர்ஷிப்பை எடுப்பதில் தவறே இல்லை. அப்போதும் தேர்வுக் கட்டணம், பஸ் கட்டணம் யார் கணக்கு என்று கேளுங்கள். கேம்பஸ் கனகபுரா ரோட்டிலோ எலஹங்காவைத் தாண்டியோ இருந்தால், அல்சூரிலிருந்து தினமும் போய்வரும் நேரத்தையும் பார்க்க வேண்டும். அந்த நேரம் போக மிச்சத்தில்தான் அவள் படித்து அந்த சி.ஜி.பி.ஏ.வைக் காப்பாற்ற வேண்டும்.

இடம் பிடிக்க அங்கே பணம் கட்டிவிட்டால் பயப்படாதீர்கள். யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக் கடைசித் தேதிக்குக் குறைந்தது 15 நாள் முன்பு விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். அந்தத் தேதி தாண்டி 30 நாளுக்கு மேல் போனால் எதுவும் வராது. அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்த உடனே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜோசாவில் இடத்தை விட்டு விலக ஒரு கடைசித் தேதி உண்டு. அந்தத் தேதிக்குள் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் பதில் வராவிட்டால், ஸ்லைடு கொடுத்துச் சூரத்கல் இடத்தை வைத்துக்கொண்டு, வங்கியில் கடன் விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள்.