கன்னி மூலை அறையும் காணாமல் போன திண்ணையும்

கேள்வி: அண்ணாச்சி, திருநெல்வேலி கே.டி.சி. நகர்ப் பக்கம் நாலு சென்ட் இடத்தில் கிழக்குப் பார்த்த வாசலாக, மாடி இல்லாமல் வீடு கட்டி, போன தை மாதம் பால் காய்ச்சினோம். கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருந்த என் அத்தையையும் கூட்டி வந்துவிட்டோம். வீட்டுக்காரருடைய அம்மா, 71 வயது. வாஸ்து பார்த்தவர் சொன்னபடி, வீட்டுக்குப் பெரியவர் என்று கன்னி மூலை அறையை அவர்களுக்குக் கொடுத்தோம். கட்டில், ஏசி, அறையோடு பாத்ரூம் எல்லாம் உண்டு. ஊரில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவர்கள் இங்கே வாயே திறப்பதில்லை. மூணு மணிக்கு மேல் கதவைச் சாத்தி, ஸ்கிரீனை இழுத்துவிட்டு இருட்டில் படுத்துக்கொள்கிறார்கள். ஏசி போட்டால் கால் குடைகிறதாம். ராத்திரி தூங்காமல் நடக்கிறார்கள். வாஸ்துவில் ஏதும் தப்பா? இடிக்காமல் இரண்டு லட்சத்துக்குள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான தகவல் அந்த மூணு மணிதான். அத்தை கோபத்தில் கதவைச் சாத்துகிறார்கள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கன்னி மூலை என்றால் தென்மேற்கு. மூணு மணிக்கு வெயில் மேற்குச் சுவரில் முழுசாக இறங்கும், ஜன்னல் வழியாகக் கட்டில் வரைக்கும் வரும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலை ஸ்கிரீன் தடுக்காது, வெளிச்சத்தை மட்டும்தான் தடுக்கும். ஆக அவர்களுக்கு இருட்டும் புழுக்கமும் சேர்ந்தே கிடைக்கிறது. போதாததற்கு மேலே மாடி இல்லை. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை உடனே விடாது, பொழுது சாய்ந்த பிறகு மெல்ல மெல்ல அறைக்குள்தான் இறக்கும், அது நள்ளிரவையும் தாண்டும். ராத்திரி நடக்காமல் என்ன செய்வார்கள்?

வாஸ்துவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நம்ம ஊர் வெயிலின் கணக்கு வேறு. திருநெல்வேலியில் சித்திரை பிறக்கும்போது உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். அதிலிருந்து ஆவணி நடு வரைக்கும் சூரியன் சற்று வடக்கே சாய்ந்துதான் போகும். அதனால் நம்ம வீடுகளில் கோடையில் அதிகம் அடிவாங்குவது கூரையும், அடுத்தபடியாகக் கிழக்கு மேற்குச் சுவர்களும்தான். அதிலும் மேற்குச் சுவர், ஏற்கெனவே வீடு காய்ந்து கிடக்கும் நேரத்தில் வெயிலை வாங்குகிறது. கூரையும் மேற்குச் சுவரும் சேரும் இடத்தில், பகலிலும் அறைக்குள்ளேயே இருக்கும் ஒரு வயதானவரைப் படுக்க வைத்திருக்கிறீர்கள்.

முதல் வேலைக்குக் காசே வேண்டாம், அறையை மாற்றுங்கள். கிழக்குப் பார்த்த வீடு என்பதால் வாசல் பக்கத்தில் ஒரு அறை கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் அது விருந்தாளிக்கோ கம்ப்யூட்டருக்கோ போயிருக்கும். அதை அத்தைக்குக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் முகத்தில் படுகிற வெளிச்சம்தான் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறது. பகல் முழுக்க மங்கலான அறையில் இருப்பவருக்கு அந்தக் கடிகாரம் எப்போது பகல், எப்போது ராத்திரி என்று தடுமாறும், தூக்கமும் மனசும் அதோடு சேர்ந்து தடுமாறும். ஒரே சிக்கல் பாத்ரூம். பொதுக் கழிப்பறை அந்த அறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு எட்டுக்குள் இருந்தால் போதும். போகிற வழியில் முழங்கால் உயரத்தில் மஞ்சள் நிறச் சின்ன விளக்கு இரண்டு, உள்ளே சுவரில் பிடித்து எழக் கம்பி, வழுக்காத தரை. இதில் கஞ்சம் பிடிக்காதீர்கள், ஒரு தடவை விழுந்துவிட்டால் அப்புறம் நாம் என்ன கட்டி என்ன?

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேச்சு குறைந்து, தூக்கம் கெட்டு இத்தனை மாதம் ஆகிறது என்றால் ஒரு டாக்டரிடமும் காட்டத்தான் வேண்டும். காது மந்தமாகியிருக்கலாம், கண்ணில் புரை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், மனச்சோர்வாகவே இருக்கலாம், எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. யாரிடம் போவது என்று தெரியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள், அரசு நடத்துவது, இலவசம். வீட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இப்போது திண்ணைக்கு வருகிறேன். கல்லிடைக்குறிச்சி வீடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் எழுதாமலே தெரியும். தெருவில் கால் வைக்கும் முன்னே திண்ணை, அப்புறம் நடை, பட்டாசாலை, முற்றம், அடுக்களை, புறவாசல். அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் நாம் யாரையும் கூப்பிட வேண்டாம். பூக்காரி வருவாள், கீரைக்காரர் நிற்பார், எதிர்வீட்டு ஆச்சி 'என்ன குழம்பு?' என்று கேட்பார். வீட்டில் இருந்தபடியே ஊரோடு இருக்கலாம், போதும் என்றால் எழுந்து உள்ளே போய்விடலாம். புது வீட்டில் இரண்டே நிலைதான்: ஒன்று அறைக்குள், இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே. நடுவில் ஒன்றுமில்லை. அத்தை தொலைத்தது அந்த நடுவைத்தான்.

என் அப்பாவைப் பழைய வளவு வீட்டிலிருந்து நானே வரைந்து கட்டிய வீட்டுக்குக் கூட்டி வந்தபோது இதை நான் உணரவில்லை. தினமும் சாயங்காலம் இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு, மேல்கம்பி இடைவெளியில் முகத்தை வைத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்டின் அந்தக் கம்பியில் அவர் கை பட்ட இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரியும். அவர் போன பிறகுதான் அதைக் கவனித்தேன். ஒரு உட்காரும் இடம் போட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான் வரைகிற எந்த வீட்டிலும் தெருவைப் பார்த்து ஓர் இருக்கை இல்லாமல் பிளான் கொடுப்பதில்லை.

உங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்வது? ஒரு டேப்பை எடுங்கள். போர்டிகோ தரை ரோட்டிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். வயதானவர் உட்கார்ந்து எழ வசதியான உயரம் 18 அங்குலம். அதில் உட்கார்ந்தால் அத்தையின் கண் போர்டிகோ தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும், அதாவது ரோட்டிலிருந்து ஐந்தடி. உங்கள் காம்பவுண்ட் சுவர் ஆறடி என்றால் அவர்கள் பார்ப்பது சிமெண்ட் பூச்சைத்தான். திண்ணைக்கு நேர் எதிரே ஓர் ஆறடி நீளத்துக்கு மட்டும் சுவரின் மேல் இரண்டடியை எடுத்துவிட்டுக் கம்பி வைத்துவிடுங்கள். கேட்டில் தகரம் அடித்திருந்தால் அதிலும் மேல்பாதியைக் கழற்றுங்கள். பாதுகாப்பும் குறையாது, தெருவும் தெரியும். திண்ணை ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், செங்கல் கட்டி மேலே சிவப்புச் சிமெண்ட் தேய்த்தால் போதும், பளபள கிரானைட் வேண்டாம். முதுகு சாய ஒரு சுவரோ தூணோ கட்டாயம் வேண்டும், சாய்மானம் இல்லாத திண்ணையில் யாரும் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். எதிரே ஒரு செம்பருத்தியோ நந்தியாவட்டையோ வையுங்கள். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: பித்தப்பை ஆபரேஷன் முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களை விடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், அவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

அடுத்தது ஹால். பெரிய வெள்ளை டைல்ஸ், வெறும் சுவர், கண்ணாடி, டிவி. இப்படிப்பட்ட இடத்தில் பேச்சு எதிரொலிக்கும். நமக்குத் தெரியாது, காது கொஞ்சம் மந்தமானவர்களுக்கு நாலு பேர் பேசினால் சொல் எது, இரைச்சல் எது என்று பிரியாது. திரும்பத் திரும்ப 'என்ன? என்ன?' என்று கேட்கக் கூச்சப்பட்டு அவர்கள் பேசாமல் ஆகிவிடுவதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். கனமான பருத்தித் திரை, துணி உறை போட்ட சோபா, சுவரில் புத்தக அலமாரி, இவையே எதிரொலியைக் குறைக்கும். தரையில் விரிப்பு போடாதீர்கள், காலில் இடறும். நாற்காலிகள் எல்லாம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டையாவது முகம் பார்க்கத் திருப்புங்கள்.

கூரைக்குச் சுண்ணாம்பு. பங்குனியில் தட்டட்டியை, அதாவது மேல்தளத்தை, கழுவி இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு கண்டிப்பாகக் குறையும், மழைக்குப் பின் வருஷா வருஷம் திரும்ப அடிக்க வேண்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் வெள்ளைக் கூலிங் டைல்ஸ். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள், உள்ளே அல்ல. ஆனால் அந்த ஜன்னலை அடைத்துவிடாதீர்கள், ஆனி ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் காற்று மேற்கிலிருந்துதான் நுழையும். சாயங்காலம் தட்டியைச் சுருட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் காற்று வெளியேற ஒரு ஜன்னலையும் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்த அறையில் காற்று ஓடாது.

இன்னொன்று, அத்தைக்கு வேலை வேண்டும். அடுக்களைக்குள் நாற்காலி போட இடமில்லாவிட்டால் வாசலிலாவது ஒன்றைப் போட்டு, கீரையையும் வெங்காயத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள். 'நீங்கள் ரெஸ்ட் எடுங்கள்' என்று அன்பாகத்தான் சொல்லியிருப்பீர்கள், ஆனால் காலமெல்லாம் ஒரு வீட்டை நடத்தியவருக்கு அது வேறு மாதிரிக் கேட்கும்.

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு அத்தையோடு வெளியே போங்கள். ஒரு நாள் போர்டிகோ இடது மூலை, ஒரு நாள் வலது மூலை, ஒரு நாள் கேட்டுக்குப் பக்கத்தில். எந்த இடத்தில் அவர்கள் உள்ளே போகணும் என்று கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார்களோ, அங்கே சாக்பீஸால் கோடு போட்டுக் கொத்தனாரிடம் காட்டுங்கள்.