பாலியல் தொழில் இலங்கையில் குற்றமா? ஒப்புக்கொள்வதற்கு முன் இதைப் படியுங்கள்

திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் தோழியை ராத்திரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பொலிஸ் பிடித்தது. கைப்பையில் ஆணுறை இருந்ததைக் காட்டி மிரட்டினார்களாம். அடுத்த கிழமை வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு நூறு ரூபா தண்டம் கட்டினால் முடிந்துவிடும் என்கிறார்கள். இந்தத் தொழிலே குற்றமா? இதைச் சட்டபூர்வமாக்கினால்தான் என்ன?"

சட்டத்தரணி ஒருவரோடு பேசாமல் ஒப்புக்கொள்ளவே வேண்டாம் என்று முதலில் தோழியிடம் சொல்லுங்கள். வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தோடு காசுக்கு உறவு வைத்துக்கொள்வது குற்றம் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆணுறை வைத்திருப்பதும் குற்றமில்லை. பொலிஸார் பிடிப்பது வேறொன்றை வைத்து: 1841இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். அதன் 7ஆம் பிரிவு, பொது இடத்தில் ஒருவரை உறவுக்கு அழைப்பதைத் தண்டிக்கிறது. தண்டம் நூறு ரூபாதான், ஆனால் ஆறு மாதம் வரை சிறையும் அதே பிரிவில் இருக்கிறது, அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கப் போகும்போது இந்தத் தீர்ப்பு குறுக்கே வந்து நிற்கலாம். யாரை அழைத்தாள், என்ன சொன்னாள், அதைக் கேட்டது யார் என்று சட்டத்தரணி கேட்டால் பல வழக்குகளில் பொலிஸார் பதில் சொல்லத் திணறுவார்கள். சும்மா நின்றது அழைத்தது ஆகாது.

சட்டபூர்வமாக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், விற்பவளைத் தண்டிப்பதை நிறுத்த வேண்டும் என்பதே. கட்டாயப்படுத்துகிறவன், ஆட்களைக் கடத்துகிறவன், சிறுவர்களைத் தொடுகிறவன் ஆகியோருக்கான தண்டனை அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. சுவீடன் 1999இல் வாங்குபவனை மட்டும் குற்றவாளியாக்கியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிடிபடப் பயப்படுகிற ஆள் ஒதுக்குப்புறத்துக்குத்தான் கூப்பிடுவான், அவனை அளந்து பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்காது, அடி விழுந்தால் கேட்கவும் ஆளில்லை. நியூசிலாந்து 2003இல் வேறு வழியில் போனது. அங்கே நான்கு பேர் வரை உரிமம் இல்லாமலே சேர்ந்து ஒரு வீட்டில் தொழில் செய்யலாம், எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் சட்டத்திலேயே இருக்கிறது. 2014இல் அங்கே இந்தத் தொழில் செய்த ஒரு பெண் தன் விபச்சார விடுதி நடத்துநர்மேல் பாலியல் தொல்லைக்கு வழக்குப் போட்டு 25,000 டாலர் இழப்பீடு வாங்கினார். நம் ஊரில் இரண்டு பெண்கள் பாதுகாப்புக்காக ஒரே வீட்டை எடுத்தால் 1889ஆம் ஆண்டு விபச்சார விடுதிகள் சட்டம் வந்து நிற்கும், தெரிந்தே வீடு கொடுத்தவரும் மாட்டுவார். அதனால்தான் அவர்கள் தனியாக ரோட்டில் நிற்கிறார்கள், நின்றால் 7ஆம் பிரிவு. இப்படி இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, வன்முறை நடந்தால் பொலிஸுக்கு வா என்றால் எப்படி வருவாள்?

சரி, இப்போது செய்ய வேண்டியது. பிணைக் கடதாசி, வழக்கு இலக்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டு திருகோணமலையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு வழக்குக்கு முன்பே போகச் சொல்லுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆஜராவார்கள். பிடித்த நேரத்தில் அடித்திருந்தால், காசு கேட்டிருந்தால், ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், 1996க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். அந்த ஒரு மாதத்தைத் தவற விட்டால் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போகும் வழியும் பெரும்பாலும் அடைந்துவிடும்.