எஸ்டி கார்டு பேட்டரிய எப்படி தின்னுது: கேள்வி பதில்

பேட்டரில ஓடுற போர்டுல மெமரி கார்டு போட்டுட்டு முழிக்கிறவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: சார், எழுதும்போது எவ்ளோ கரண்ட் இழுக்கும்? காயின் செல் தாங்குமா?

பதில்: தாங்காதுங்க. சாதா ஸ்பீடுல 100 மில்லிஆம்ப், ஹை ஸ்பீடுல 200 வரைக்கும் ஸ்பெக்லயே அனுமதி இருக்கு. அவ்ளோ இழுத்தா செல் வோல்டேஜ் 2.7க்கு கீழ போயிடும், கார்டு ஹேங் ஆகிடும்.

கேள்வி: ப்ரோ, 10 நிமிஷத்துக்கு ஒரே ஒரு லைன் தான் எழுதுறேன், அப்பவும் பேட்டரி காலியாகுது ஏன்?

பதில்: எல்லாரும் எழுதுற கரண்ட பாத்து பயப்படுறாங்க, ஆனா உங்க கேஸ்ல கார்டு சும்மா இருக்கற நேரம் தான் பேட்டரிய தின்னுது. ஸ்லீப்ல 0.2 மில்லிஆம்ப்னு வைங்க, வருஷத்துக்கு 8760 மணி நேரம், கணக்கு போட்டா 1752 எம்ஏஹெச் (மில்லிஆம்ப்-மணி), அதாவது ஒரு சொட்டு டேட்டா எழுதாமலே ஒரு ஏஏ பேட்டரி கிட்டத்தட்ட காலி. இன்னொன்னு, ரெடிமேட் மாட்யூல்ல 1117 ரெகுலேட்டர் (வோல்டேஜ குறைச்சு குடுக்கற சிப்) இருந்தா அது மட்டுமே 5 மில்லிஆம்ப் போல சாப்பிடும், மொதல்ல அத தூக்குங்க. எஸ்பிஐல (கார்டோட போர்டு பேசற ஒரு முறை) ஓட்டறவங்க பயன்படுத்தாத டேட்டா பின்ன எதுலயும் சேராம மிதக்க விடாம புல்-அப் (பின்ன சப்ளையோட சேர்க்கற ரெசிஸ்டர்) போடுங்க, மிதக்க விட்டா அதுலயும் கொஞ்சம் வீணாகும்.

கேள்வி: அண்ணா, மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யற ட்ரான்சிஸ்டர்) வச்சு சப்ளைய கட் பண்ணியும் கரண்ட் போய்ட்டே இருக்கே?

பதில்: சப்ளைய தான் கட் பண்ணீங்க, சிக்னல் லைன் இன்னும் ஹைல நிக்குதுல்ல? அது வழியா கார்டுக்குள்ள இருக்கற டயோட் மூலமா கரண்ட் ஏறி கார்டு அரை உயிரோட கிடக்கும். கட் பண்றப்போ க்ளாக், டேட்டா, சிஎஸ் (கார்ட தேர்ந்தெடுக்கற லைன்) எல்லாத்தயும் லோ பண்ணுங்க. புல்-அப்ப மாஸ்ஃபெட்டுக்கு அப்புறம் வர்ற லைன்ல கட்டுங்க, நேரா 3.3 வோல்ட்ல கட்டிட்டு சிக்னல் லைன லோ பண்ணா ஒவ்வொரு 10கே ரெசிஸ்டரும் 0.33 மில்லிஆம்ப் முழுங்கும், அப்புறம் கட் பண்ணி என்ன புண்ணியம்.

ஆனா அடிக்கடி கட் பண்றதும் லாபமில்ல. கார்டு திரும்ப இனிஷியலைஸ் ஆக (முதல்ல இருந்து தயாராக) அரை செகண்ட் 40 மில்லிஆம்ப் எடுக்குதுன்னா, அது 0.2 மில்லிஆம்ப்ல 100 செகண்ட் தூங்கறதுக்கு சமம். அதுக்கு மேல இடைவெளி இருந்தா கட் பண்ணுங்க, இல்லனா தூங்க விடுங்க. ரெண்டு நம்பரையும் உங்க கார்டுல அளந்து போட்டுக்கோங்க, கார்டுக்கு கார்டு ரொம்ப மாறும்.

கேள்வி: எழுதின உடனே கட் பண்ணா ஃபைல் கரப்ட் ஆகுது.

பதில்: ஆகத்தான் செய்யும். ஃபைல க்ளோஸ் பண்ணுங்க, பிஸி சிக்னல் (கார்டு இன்னும் எழுதிட்டு இருக்குன்னு சொல்றது) போற வரைக்கும் காத்திருங்க, அதுக்கு 250 மில்லிசெகண்ட் வரைக்கும் கூட ஆகலாம். அதுக்கு மேலயும் கொஞ்சம் டைம் குடுத்துட்டு ஆஃப் பண்ணுங்க.

கேள்வி: மல்டிமீட்டர்ல பாத்தா கம்மியா தான் காட்டுதே?

பதில்: மீட்டர் சராசரி தான் காட்டும், கரண்ட் சட்டுனு ஏறி இறங்கற துள்ளல் தெரியாது. 1 ஓம் ரெசிஸ்டர் சப்ளை லைன்ல சீரிஸ்ல போட்டு அதுக்கு குறுக்க வர்ற வோல்டேஜ ஸ்கோப்ல (ஆஸிலோஸ்கோப்) பாருங்க, 100 மில்லிஆம்ப்னா 100 மில்லிவோல்ட்.