திருகோணமலைக்குப் போகிறவர்கள் கேட்டவை: கொழும்புக்காரருக்கான கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து: வைகாசியிலா மார்கழியிலா போவது நல்லது? பிள்ளைகளுக்கு மார்கழியில்தான் நீண்ட லீவு.

கடலில் இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் மார்கழியை விடுங்கள். ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை வாடைக்காற்றும் மழையும். நிலாவெளிக் கடற்கரையில் அலை கரையிலேயே உடைந்து கால்களை உள்ளே இழுக்கும், அதற்கு எதிரே உள்ள பவளத் தீவான புறாத்தீவுக்குப் படகு ஓடுவதும் நிச்சயமில்லை. சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதி. ஆனால் அந்த மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும். தரையிலிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்று அது, வேர்வை தெரியாமலே உடம்பு நீரை இழக்கும். கொழும்பு வெயில் பழகியதுதானே என்று நினைத்துத் தண்ணீர் இல்லாமல் நடக்கக் கூடாது. ஆவணி லீவு பிள்ளைகளுக்குப் பொருந்தும். கோவில்கள் மட்டும் போதும் என்றால் மார்கழியிலும் போகலாம்.

வத்தளையிலிருந்து: ஒரே நாளில் வேனில் போய்த் திரும்பலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. குருநாகல், தம்புள்ள, ஹபரண, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர். போக மட்டும் ஆறு மணித்தியாலம். ஒரே நாள் என்றால் திரும்பும்போது ஹபரணவுக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட காட்டுப் பாதையை இருட்டில் கடக்க வேண்டி வரும். பொழுது சாயும் நேரத்தில் யானை ரோட்டுக்கு வரும் இடம் அது. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், சாப்பாடு எறியாதீர்கள். சாப்பாடு எறிந்து பழக்கிய யானைதான் அடுத்த வாகனத்தை மறிக்கிறது. இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம் போடுங்கள்.

வேன் இல்லாதவர்களுக்குக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து இரவு ரயில் உண்டு. மாகோ, கல்லோயா வழியாகப் போய் விடியற்காலையில் இறங்கலாம். நேரம் மாறக்கூடியது, புக் பண்ணும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட வாரஇறுதிக்கு ஆசனம் சீக்கிரம் முடிந்துவிடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: கோணேசர் கோவிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போகிறோம், முழங்கால் வருத்தம். எந்த நேரம் நல்லது? கோட்டையில் வேறு என்ன பார்க்கலாம்?

கோவில் இருப்பது திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளேதான். நகரத்திலிருந்து ஓட்டோ பிடித்தால் கோவிலுக்குக் கிட்ட வரைக்கும் போகலாம், கடைசியில் கொஞ்சம் ஏற்றமும் படிகளும். மகா சிவராத்திரி, ஆடி அமாவாசை போன்ற நாட்களில் வாகனங்களைக் கீழேயே மறித்துவிடக்கூடும், அம்மாவோடு அந்த நாட்களைத் தவிருங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும். வெறுங்காலோடு நடக்கிற தரையும் அப்போது சுடும். காலைப் பூசை, இல்லையென்றால் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு. ஆண்கள் உள்ளே மேற்சட்டை கழற்ற வேண்டும், வேட்டி வசதி.

கோட்டைக்குள் அவசரமாக ஓடிவிடாதீர்கள். திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. இலங்கையில் தேவாரப் பதிகம் பெற்றவை இதுவும் திருக்கேதீச்சரமும் மட்டுமே. போர்த்துக்கேயர் 1620களில் கோவிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். ஒல்லாந்தர் 1639இலும் ஆங்கிலேயர் 1795இலும் பிடித்தார்கள். பிரெட்ரிக் என்ற பெயர் 1803இல் வந்தது. நுழைவாயிலில் இரட்டை மீன் பொறித்த கல்லும், சிதைந்த தமிழ் எழுத்துகளும் இன்னும் இருக்கின்றன. கோவிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயர், குலைப்பான் என்று சொல்கிற பாட்டு அது. பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே வாகனத்தில் தாண்டிவிடுகிறார்கள். தயவுசெய்து இறங்கி நின்று பாருங்கள்.

1950இல் கிணறு தோண்டும்போது கிடைத்த வெண்கலத் திருமேனிகளும், 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் கடலடியில் கண்ட இடிபாடுகளும் பழைய கோவிலின் மிச்சம். இன்றைய கோவிலின் கும்பாபிஷேகம் 1963இல் நடந்தது. வெளியே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் அருகே பாறை விளிம்பில் தடுப்பைத் தாண்டிப் படம் எடுக்கிறார்கள், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் திரியும் மான்களுக்குப் பிஸ்கட் பைக்கற்றோடு போடாதீர்கள். பொலித்தீன் வயிற்றில் அடைத்துச் சாகின்றன.

கோட்டை இராணுவ முகாமும் கூட. காவலரணையும் படையினரையும் படம் எடுக்க வேண்டாம். துறைமுக வாயிலில் உள்ள ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் முன்அனுமதி இல்லாமல் போக முடியாது.

பம்பலப்பிட்டியிலிருந்து: லண்டனிலிருந்து சித்தப்பா குடும்பமும் வருகிறது. புறாத்தீவுக்கு எவ்வளவு செலவாகும்?

கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் தொகை எழுதவில்லை. மூன்று தனித்தனிச் செலவு என்று கணக்கிடுங்கள்: வனசீவராசிகள் திணைக்கள நுழைவுச்சீட்டு, படகு, முகமூடியும் சுவாசக் குழாயும் வாடகைக்கு. நுழைவுச்சீட்டில் வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. இலங்கை அடையாள அட்டையோ பாஸ்போட்டோ உள்ளவர்கள் கையோடு கொண்டுவர வேண்டும், முகத்தைப் பார்த்துக் குறைக்கமாட்டார்கள். படகுக்காரரோடு ஆளுக்கா முழுப் படகுக்கா, எத்தனை மணிக்குத் திரும்பக் கூட்டிப்போவார் என்று ஏறுமுன்னரே பேசி முடியுங்கள்.

நிலாவெளிக் கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீற்றர்தான். காலையில் முதல் படகுகளில் போங்கள். காற்று எழும்பினால் நீர் கலங்கும், ஆட்களும் கூடுவார்கள். கரையில் மணலுக்குப் பதில் உடைந்த பவளம், வெறுங்கால் கிழியும். களைத்துப் பவளத்தின் மேல் எழுந்து நிற்பதுதான் அங்கே நடக்கும் பெரிய சேதம். பல வருடம் வளர்ந்தது ஒரு மிதியில் உடையும். நீந்தத் தெரியாதவர் உயிர்காப்பு அங்கி போட்டு மிதந்தாலே மீன் தெரியும். வெயிலுக்குக் கிறீம் பூசுவதைவிட நீளக்கை ரீசேட் நல்லது. சிறிய கறுப்புமுனைச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகும். துரத்த வேண்டாம்.

தெஹிவளையிலிருந்து: நாலு வயதுப் பிள்ளைக்கு எந்தக் கடற்கரை?

மார்பிள் பீச். விமானப்படை நடத்துவது, நுழைவுக்கட்டணம் உண்டு. குடாவுக்குள் இருப்பதால் அலை குறைவு.

மட்டக்குளியிலிருந்து: கன்னியா வெந்நீரூற்றில் சோப்புப் போட்டுக் குளிக்கலாமா? பக்கத்தில் வேறு கோவில் உண்டா?

சோப்பு வேண்டாம், கிணற்றில் இறங்கவும் வேண்டாம். அங்கே இருப்பவை ஏழும் ஆழமில்லாத சிறு கிணறுகள், வாளியால் அள்ளி ஊற்றுவதுதான் முறை. ஒவ்வொன்றிலும் சூடு வேறு, குழந்தைக்கு ஊற்றுமுன் கையை வைத்துப் பாருங்கள். போயா தினத்தில் எல்லோரும் அள்ளி நீர் அடிமட்டத்துக்குப் போய்விடும், வாரநாள் காலையே சரி.

அந்தப் பக்கம் பெரியகுளத்தருகே வெல்கம் விகாரை இருக்கிறது. இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற, தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள பௌத்தப் பள்ளி. தமிழ்ப் பௌத்தத்துக்கு இவ்வளவு தெளிவான சான்று நம் நாட்டில் அரிது, கட்டாயம் போங்கள். தம்பலகாமம் ஆதி கோணநாயகர் கோவிலைக் கொழும்புக்குத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கந்தளாய்ப் பாதையிலிருந்து சிறிது விலகினால் போதும், காலையிலேயே கும்பிட்டுவிட்டு யானைப் பாதையை நல்ல வெளிச்சத்தில் கடந்துவிடலாம்.