கனவு வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார்?

கேள்வி: எங்களுடையது சின்ன வீடு, ஆனால் சொந்த வீடு. பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் தினமும் ராத்திரி தூங்கும் முன் செல்போனில் அழகழகான வீடுகளின் வீடியோவாகப் பார்க்கிறேன். மனசுக்குள் ஒரு வீடு கட்டியே வைத்திருக்கிறேன், எந்த ஜன்னலுக்கு என்ன திரை என்பதுவரை தெரியும். காலையில் எழுந்து என் வீட்டைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கணவர், "இருக்கிறதை வைத்துச் சந்தோஷமா இரு" என்கிறார். நான் திருப்தியே இல்லாத ஜென்மமா?

பதில்: இல்லை. மனசுக்குள் வீடு கட்டாதவர் யார்? அதில் மேஸ்திரி இழுத்தடிக்க மாட்டார், சிமென்ட் விலை ஏறாது.

முதலில் அந்த வீடியோக்கள். அறையின் மூலையில் நின்றுகொண்டு அகலக்கோண லென்ஸில் எடுத்தால் சின்ன அறைகூட மண்டபம் மாதிரித் தெரியும். எடுப்பதற்கு முன்னால் துடைப்பம், சார்ஜர் ஒயர், மாத்திரை அட்டை, காயப்போட்ட துணி எல்லாவற்றையும் ஒளித்துவைத்திருப்பார்கள். அதைப் போய் நீங்கள் விடிந்தும் விடியாமலும் தூக்கக் கண்ணோடு பார்க்கிற உங்கள் வீட்டோடு ஒப்பிடுகிறீர்கள். பாவம், அந்த வீடு என்ன செய்யும்!

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு முடியும்போது, மாணவர்கள் அடுத்து எந்த விடுதிக் கட்டடத்தில் தங்குவது என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவார்கள். எலிசபெத் டன், திமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் என்ற மூன்று உளவியலாளர்கள் அந்த மாணவர்களை ஆராய்ந்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நல்ல கட்டடம் கிடைத்தால் சந்தோஷம் பொங்கும், மோசமானது கிடைத்தால் அவ்வளவுதான் என்று மாணவர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். குடிபோய் ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு சந்தோஷத்தில்தான் இருந்தன. கணக்கு எங்கே தப்பியது என்றால், கட்டடத்தின் அழகையும் இடத்தையும் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள், கூட வசிக்கப்போகிற ஆட்களை அந்த அளவுக்கு யோசிக்கவில்லை.

நம் கனவு வீட்டிலும் இதே கதைதான், ஆட்களே இருக்க மாட்டார்கள். என் கனவு வீட்டில் மாடியில் ஒரு படிப்பறை, அதற்கு ஒரு சுழல் படிக்கட்டு. முழங்கால் வலி வந்த அன்றைக்குத்தான் தோன்றியது, தண்ணீர் பாட்டிலை மறந்து கீழே வைத்துவிட்டால் மறுபடி இறங்குவது யார்? உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பெரிய சமையலறையில் பாத்திரம் தேய்ப்பது யார்?

அப்புறம், அந்த வீட்டில் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். திரை போட்ட ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்றால், நீங்கள் ஏங்குவது அந்த ஜன்னலுக்கு இல்லை, யாரும் கூப்பிடாத அரைமணி நேரத்துக்கு. அதை இந்த வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, கணவரிடம் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் கணவர் சொல்வதற்கும் நான் முழுசாகத் தலையாட்ட மாட்டேன். அறை சின்னது, தரை பழசு என்பதெல்லாம் கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகிவிடும், புது வீட்டின் பளபளப்பும் அப்படியே. ஓயாத சத்தம், ஓதம் ஏறும் சுவர், வெளிச்சமே வராத அறை, தினமும் இரண்டு மணி நேரம் தின்கிற பயணம் இவையெல்லாம் லேசில் பழகுவதில்லை. அங்கே போய்த் திருப்தியாக இரு என்று சொல்வது அறிவுரையே இல்லை, தட்டிக்கழிப்பது. உங்கள் எரிச்சல் இந்தப் பட்டியலில் எதையாவது தொட்டால், வீடியோவை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்ய ஆள் தேடுங்கள்.

கேள்வி: புதிதாக ஒரு சோபா வாங்கினேன். இப்போது சுவர், திரை, மேஜை எல்லாமே அசிங்கமாகத் தெரிகிறது. ஒவ்வொன்றாக மாற்றிவிடலாமா?

பதில்: பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதெரோவுக்கு ஒரு புது அங்கி வந்தது. அதன் பக்கத்தில் அறையிலிருந்த பழைய பொருளெல்லாம் மட்டமாகத் தெரிய, வைக்கோல் நாற்காலி போய்த் தோல் நாற்காலி வந்தது, அப்படியே ஒவ்வொன்றாக மாறியது. பழைய அங்கிக்கு நான் எஜமானன், புதியதற்கு அடிமை என்று 1769-இல் புலம்பி எழுதினார். 1988-இல் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் இதற்குத் 'திதெரோ விளைவு' என்று பெயரே வைத்துவிட்டார். ஆகவே சுவரை விடுங்கள். சோபாமேல் ஒரு பழைய போர்வையை விரித்துவிடுங்கள், இரண்டு வாரத்தில் அது உங்கள் வீட்டு சோபா ஆகிவிடும்.